பத்தரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குச் சென்னை!

பினாங்கிலிருந்து சென்னைக்கு முதல்முறை டிக்கெட் எடுத்தவர்கள் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். காலை பத்தரை வாக்கில் புறப்பாடு. பதினொன்றரை வாக்கில் மீனம்பாக்கத்தில் இறக்கம். ஒரே மணி நேரம்! புக்கிட் மெர்தாஜாமில் காடியைக் கிளப்பி, பாலம் ஏறி, பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட் வாசலில் பெட்டியை இறக்கவே சில நாள் அதற்கு மேல் ஆகிவிடும். வங்கக் கடல் முழுவதையும் அதைவிடச் சீக்கிரமாகத் தாண்டிவிடலாம் என்கிறது கையிலிருக்கும் காகிதம்.

அதே டிக்கெட்டின் மறுபாதியைப் பாருங்கள். சென்னையில் அதிகாலை இரண்டேகால் வாக்கில் ஏறினால் பினாங்கில் இறங்கும்போது காலை எட்டரை. ஆறேகால் மணி நேரம்! அதே கடல், அதே விமானம், அதே இருக்கைகூட இருக்கலாம். போக ஒரு மணி, வர ஆறேகால் மணியா? 2024 டிசம்பர் 21 அன்று இண்டிகோ நிறுவனம் சென்னை–பினாங்கு தினசரி நேரடிச் சேவையைத் தொடங்கியபோது வந்த அட்டவணை ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. பருவத்துக்குப் பருவம் நிமிடங்கள் மாறும். இந்த வேடிக்கை மாறாது.

வித்தை காட்டுவது கடிகாரம்தான். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. போகும்போது அதைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். போக மூன்றரை மணி, வர மூன்றே முக்கால். அப்பாடா, பூமி ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றரை மணியைக் கொஞ்சம் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தால் அதற்குள் சோழர் படையெடுப்பு இருக்கிறது, மகாதீர் காலத்துப் புத்தாண்டு இரவு இருக்கிறது, ஒரு வானிலை விஞ்ஞானி இருக்கிறார், பட்டர்வொர்த் ராணுவத் தளம் இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த இரண்டரை மணி. அதில் கிட்டத்தட்டப் பாதி சூரியனுக்குச் சம்பந்தமே இல்லாதது! சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 80 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, பினாங்கு விமான நிலையம் 100-ஐச் சற்றுத் தாண்டி. இடையில் 20 டிகிரி. ஒரு டிகிரியைக் கடக்கச் சூரியனுக்கு நாலு நிமிடம். ஆக, உண்மையான வித்தியாசம் எண்பது நிமிடம். மீதி எழுபது நிமிடம் அரசாங்கங்கள் போட்டது. இந்திய நேரம் சென்னைச் சூரியனோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, ஒன்பது நிமிடம்தான் பிசகு. நம் நேரமோ சூரியனை ஒரு மணி 18 நிமிடம் முந்திக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் பி.எம். என்று நாம் சொல்லும் புக்கிட் மெர்தாஜாமில் பகல் ஒன்றேகால் வாக்கில்தான் வெயில் உச்சிக்கு வருகிறது. பிள்ளைகள் இருட்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறார்கள்.

இன்னொரு சங்கதி கேளுங்கள். 1981 வரை இந்த வித்தியாசம் இரண்டரை மணியே இல்லை, சரியாக இரண்டு மணி! தீபகற்ப மலேசியா அப்போது கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்தியிருந்தது. சபா, சரவாக் எட்டு மணி முந்தி. நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்று 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். புத்தாண்டு அரை மணி முன்னதாகவே வந்து நின்றது. அந்த அரை மணிதான் இன்றைக்கும் உங்கள் சென்னை டிக்கெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய நேரமே இருந்திருந்தால் பத்தரைக்குக் கிளம்பும் விமானம் பத்து மணிக்கே கிளம்புவதாக அச்சாகியிருக்கும்; தலைப்பின் ஜோர் பாதி போயிருக்கும்.

சென்னையிலிருந்து வரும் ராத்திரி விமானத்தில் இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கிழக்கே பறக்கும் விமானம் சூரியனை எதிர்கொண்டு போகிறது. கையில் சென்னைக் கடிகாரம் இன்னும் ஐந்துகூட அடித்திருக்காது, ஜன்னலில் வெளிச்சம் சிவந்து பரவிவிடும். பக்கத்து இருக்கையில் தூங்குகிற பாட்டிக்கு அது நடுராத்திரி. பாயான் லெப்பாஸில் காத்திருக்கும் பேரனுக்கு அது காலைப் பசியாறும் நேரம்.

இப்போது தூரம். இரண்டு ஓடுபாதைகளின் ஆயங்களை வைத்து உருண்டைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2,365 கிலோமீட்டர் வருகிறது. விமானக்காரர்கள் கிலோமீட்டர் பேசுவதில்லை; அவர்களுக்கு அது 1,277 நாட்டிக்கல் மைல். நியூயார்க்குக்குப் போகும் விமானத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ‘ஏன் இப்படி வளைந்து போகிறான்?’ என்று கேட்பவர்கள் நிறைய. உருண்டையின் மேல் குறுக்குவழி, தட்டைத் தாளில் வளைந்துதான் தெரியும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குக் குறுக்குவழிக் கோடு போட்டால் வடதுருவத்தின் பக்கமாகப் போகும். பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். நம் வழியில் அந்த வில்லங்கம் இல்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், தாளில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் இரண்டு கிலோமீட்டர் அளவில்தான் வித்தியாசம் வரும்.

அந்தக் கோடு எதன்மேல் போகிறது தெரியுமா? நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் குதித்தே விட்டேன். மீனம்பாக்கத்திலிருந்து கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து கிளம்பி, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு வெறும் தண்ணீர். பிறகு 93½ டிகிரியில், 8 டிகிரி வடக்கில், நேராக நிக்கோபார் தீவுக் கூட்டத்தின் நடுவே நான்கௌரி, கமோர்ட்டா தீவுகளின் தலைக்கு மேல்! ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 1025-ஆம் ஆண்டு வாக்கிலான கடல் படையெடுப்பில் வென்ற இடங்களை அடுக்கும்போது மாநக்கவாரம் என்று சொல்வது இந்த நிக்கோபாரைத்தான். அதே பட்டியலில் வருகிற கடாரம், பினாங்குக்கு வடக்கே இருக்கிற நம் கெடா. ஆக, சென்னையையும் பினாங்கையும் ஓர் அளவுகோலால் இணைத்தால் சோழர் பட்டியலின் ஓர் ஊரைத் தொட்டு, இன்னோர் ஊரின் வாசலில் போய் நிற்கிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. பூகோளம் அப்படி.

ஆனால் விமானி அளவுகோல் வைத்து ஓட்டுவதில்லை. வானத்தில் சாலைகள் உண்டு, அவற்றுக்கு எண் உண்டு. வங்கக் கடலைக் கடக்கும் வான்பாதைகளில் ஒன்றின் பெயர் என்571. அதில் சந்திப்புகளும் உண்டு: மேக்கார், வாம்பி, இகோகு! ஐந்தைந்து ஆங்கில எழுத்தில், வாய்க்குள் நுழைகிற மாதிரி, உலகத்தில் வேறெங்கும் இல்லாத பெயராக வைக்க வேண்டும் என்பது விதி. வாம்பி என்றால் யாரும் ஊர் என்று நினைத்துத் தேட வேண்டாம். பினாங்குக்கு மேற்கே முந்நூறு கிலோமீட்டர் வாக்கில், கடல்மேல், காற்றில் குறித்த ஒரு புள்ளி. ஒரு மிதவைகூடக் கிடையாது. ஆனாலும் விமானிக்கு அது நம் சுங்கை டுவா சந்திப்பு மாதிரி. எத்தனை மணிக்கு அங்கே வருவேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உயரத்துக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. பொது விதிப்படி கிழக்கே போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் ஒற்றைப்படை உயரம்: முப்பத்துமூவாயிரம், முப்பத்தையாயிரம், முப்பத்தேழாயிரம் அடி. மேற்கே போகிறவர்களுக்கு இரட்டைப்படை. எதிரும் புதிருமாக வருகிறவர்களுக்கு நடுவே ஆயிரம் அடி தானாகக் கிடைத்துவிடும். ஆக, சென்னையிலிருந்து பினாங்குக்கு வரும்போது மொய்க்கணக்கு, திரும்பிப் போகும்போது அது கிடையாது.

இன்னொரு வேடிக்கை: நடுக்கடலில் வானொலி எட்டாது. விமானங்கள் சாதாரணமாகப் பேசும் விஎச்எஃப் அலை, அவ்வளவு உயரத்தில் இருந்தாலும் கரையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். அதற்கப்பால் எச்எஃப் என்கிற கரகரப்பான பழைய அலை, அல்லது செயற்கைக்கோள் வழியே தட்டச்சுச் செய்தி. சென்னை கட்டுப்பாட்டு மையத்துக்கும் விமானத்துக்கும் இடையே நடப்பது கிட்டத்தட்ட வாட்ஸ்அப் உரையாடல்தான் என்று சொன்னால் பயணிகள் பயந்துவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பேசிப் புரியாமல் போவதைவிட எழுதிக் கேட்பது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் விமானம் கிளம்பிய பிறகு. கிளம்புவதற்கு முன்னால், பயணிகள் கண்ணில் படாத ஓர் அறையில் டிஸ்பாட்ச் ஆட்கள் எரிபொருள் கணக்குப் போடுகிறார்கள். இந்த வழியில் ஓடும் ரக விமானத்துக்கு மணிக்கு இரண்டு டன்னுக்கு மேல் வேண்டும். வழிக்கு இவ்வளவு; எதிர்பாராததற்கு அதில் ஐந்து விழுக்காடு; பினாங்கில் மழை கொட்டி இறங்க முடியாவிட்டால் லங்காவிக்கோ கோலாலம்பூருக்கோ போய்ச் சேர இவ்வளவு; அதற்கும் மேலே கடைசி இருப்பாக அரை மணி நேரம் வட்டமடிக்கத் தேவையானது. நடுவழியில் ஏதாவது என்றால் திரும்ப இடம் எங்கே என்றும் பார்ப்பார்கள். அந்தமானின் போர்ட் பிளேர் அதற்குத் தோதான இடம். 2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாற்றிவிட்டார்கள். அந்த அறிவிப்பிலும் சோழர் பேச்சு வந்தது. பார்த்தீர்களா, மறுபடியும் சோழர்!

அதே நேரம் அல்மா பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் இன்னொரு கணக்கு நடந்துகொண்டிருக்கும். பெட்டி திறந்து கிடக்கிறது, கொக்கி வைத்த கைத்தராசு கதவு நிலையில் தொங்குகிறது. உள்ளே கோடாலித் தைலம் ஒரு டஜன், மைலோ பொட்டலங்கள், பாலேக் பூலாவ் ஜாதிக்காய், தௌசார் பியா பெட்டிகள், யாரோ சொல்லியனுப்பிய வெள்ளைக் கோப்பி.

“அக்கா, ரெண்டு கிலோ கூடப் போச்சு.”

“மைலோவ எடு. அங்கயும் கிடைக்கும்லா.”

“அத்தை நம்ம ஊரு மைலோதான் வேணும்னு சொன்னாங்க.”

“அப்ப உன் சிலுவார் ரெண்ட எடு. தைலத்துல கை வச்ச, நான் ஊருக்கே வரல.”

தைலம் எப்போதும் ஜெயிக்கும். விமானத்தின் எடைக் கணக்குப் போடுகிறவர்கள் பெட்டிகளை நிறுக்கிறார்கள், ஆட்களை நிறுப்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான எடையை வைத்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு மறுவாரம் பயணம் போகிறவர்கள் இதைக் கேட்டு நிம்மதி அடையலாம்.

சரி, 2,365 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் வாக்கில் ஓடும். வகுத்துப் பாருங்கள், இரண்டு மணி 51 நிமிடம். டிக்கெட்டில் மூன்றரையும் மூன்றே முக்காலும். மீதி எங்கே போச்சு?

பெரிய திருட்டு ஒன்றுமில்லை, சில்லறையாகத்தான் போகிறது. டிக்கெட்டில் இருக்கும் நேரம் காற்றில் இருக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அண்டக் கொடுக்கும் மஞ்சள் கட்டையைத் தரைப் பணியாளர் உருவும் நொடியில் அது ஆரம்பிக்கிறது. போய்ச் சேர்ந்த ஊரில் இன்னொருவர் கட்டையைச் செருகும்போது முடிகிறது. நடுவே ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிறவர்கள் கிளம்பக் காத்திருப்பது, மெல்ல ஏறுவது எல்லாம் வருகிறது. முப்பத்தையாயிரம் அடியிலிருந்து இறங்க இருநூறு கிலோமீட்டர் வேண்டும். பினாங்குக்கு வரும் விமானம் கரையைக் கண்ணால் பார்ப்பதற்கு வெகு முன்னரே, நடுக்கடலில், இன்ஜின் சத்தம் தணிந்து மூக்கைத் தாழ்த்திவிடும். காதடைப்பு வருகிறதே, அப்போது உங்கள் கீழே பினாங்கு இல்லை. மலாக்கா நீரிணையின் வடவாய்தான்.

இன்னும் கொஞ்சம் நிமிடத்தை நிறுவனங்களே வேண்டுமென்று சேர்க்கும். அட்டவணையில் தாராளமாக எழுதிவிட்டால் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாலும் ‘சரியான நேரத்துக்கு வந்தது’ என்று கணக்கில் ஏறும். எல்லா நிறுவனங்களும் உலகம் முழுக்கச் செய்கிற வேலைதான். பதினைந்து நிமிடம் முன்னதாக இறங்கிவிட்டோம் என்று விமானி அறிவிக்கும்போது கைதட்டுகிறவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை, சந்தோஷப்படட்டும்.

காற்றை மறந்துவிட்டேனே! ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. தரையில் தென்மேற்குப் பருவக்காற்று ஒரு திசையில் வீச, தலைக்கு மேல் அதற்கு நேரெதிராக இன்னொரு காற்று. 1958-இல் இதை உலகுக்கு எழுதிக் காட்டியவர் பி. கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். இந்தக் காற்றின் அடி விளிம்பு விமானங்களையும் தொடுகிறது. அந்த மாதங்களில் சென்னைக்குப் போகிறவர்களைத் தள்ளிவிடும், பினாங்குக்கு வருகிறவர்களைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். ஆடி மாதத்தில் ஊருக்குப் போனது சீக்கிரமாகவும் திரும்பியது தாமதமாகவும் தோன்றினால், அதில் காற்றின் பங்கும் உண்டு.

இறங்கும் கட்டத்தில் நம் பெரு நிலத்தாருக்குப் பெருமையான ஒரு ரகசியம் இருக்கிறது. விமானம் இறங்குவது தீவில்தான். ஆனால் அதை நெருங்க வைத்து வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை பட்டர்வொர்த் ஆகாயப் படைத் தளத்திலிருந்து நடக்கிறது. வானொலியில் அதன் பெயர் பட்டர்வொர்த் அப்ரோச். பி.எம்.மிலிருந்து இருபது நிமிட ஓட்டத்தில் இருக்கிற அந்தத் தளத்தின் குரல் கேட்டுத்தான் சென்னை விமானம் பினாங்குக்குள் நுழைகிறது. தீவுக்காரர்கள் இனிமேல் அலட்டிக்கொண்டால் இதைச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸும் சாதாரண இடமில்லை. 1935-இல் திறந்த விமான நிலையம். மறு வருடமே, 1936 மார்ச்சில், இங்கிருந்து ஹாங்காங்குக்கு இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கிளம்பியது. ஹாங்காங் போக வேண்டுமானால் பினாங்கில் மாற வேண்டும் என்று ஒரு காலம் இருந்திருக்கிறது!

ஆனால் நம் ஆட்கள் அந்தக் காலத்தில் விமானத்தைத் தலை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. ஊருக்குப் போகக் கப்பல்தான். 1926-இல் கட்டிய ரஜுலாவை அறியாத பழைய குடும்பம் செபராங் பிறையில் இருக்காது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதே 1,277 நாட்டிக்கல் மைலை, மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மைல் வீதம் ஓட்டினால் நாலு நாளுக்கு மேல். நாகப்பட்டினத்தில் நின்று ஆள் ஏற்றினால் ஐந்தாறு நாள். 1929 டிசம்பரில் பெரியார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கியதும் இப்படித்தான். பெரும்பாலோர் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். கரை கண்டதும் பயணம் முடிந்துவிடாது. தோட்டங்களுக்கு வந்த தொழிலாளிகளைப் பினாங்குக்குப் பக்கத்துத் தீவான புலாவ் ஜெரெஜாக்கில் தனிமைப்படுத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே பச்சையாகத் தெரிகிற அதே ஜெரெஜாக்தான்.

ரஜுலாவுக்குப் பிறகு எழுபதுகளில் சிதம்பரம் என்ற கப்பல் அந்த வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அதோடு அந்தப் பயணக் கப்பல் காலமே முடிந்தது. அதே 1985-இல்தான் பினாங்குப் பாலம் திறந்தது. கடல்வழி அடைபட்ட ஆண்டில் ஏர்போர்ட்டுக்கு நமக்குத் தரைவழி கிடைத்தது.

இன்னும் பின்னால் போகலாமா? புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் தேவாலய வளாகத்தில், செரோக் தோக்குன் மலையடிவாரத்தில், பல்லவ எழுத்து பொறித்த பாறை ஒன்று இருக்கிறது. ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1845-இல் கண்டு சொன்னது. ஜூலை மாதத் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தியோடு வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்க்கிறார்களோ! அதே லோ 1834-இல் செபராங் பிறையின் வட பகுதியில் இன்னொரு கல்லைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது பெரிய கப்பல் தலைவன், கடல் பயணம் நல்லபடியாக முடிய வேண்டி வைத்த கல். இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் வங்காளத்துக்காரன் என்பது அறிஞர் கருத்து. அவனுக்கு அட்டவணை இல்லை, பருவக்காற்று இருந்தது. ஒரு காற்றில் வந்து, அடுத்த காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் காத்திருந்து போக வேண்டும். பத்து நிமிடத் தாமதத்துக்குப் பொறுப்பாளரைக் கூப்பிடு என்று கவுண்ட்டரில் சத்தம் போடுகிறவர்களை அந்தக் கல்லின் முன்னால் ஒரு தடவை நிறுத்திப் பார்க்க ஆசை.

நேரடி விமானம் இல்லாத நாளில் நமக்கு வாய்த்தது கோலாலம்பூர் வழி. அதையும் கணக்கில் போடுவோம். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் 325 கிலோமீட்டர், தெற்கே. அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 2,630, வடமேற்கே. கூட்டினால் 2,955. நேர்வழியைவிட 590 கிலோமீட்டர் கூடுதல். காற்றில் கூடுவது ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கி, நடுவே மூன்று நாலு மணி நேரம் காத்திருந்து, விலை கேட்டால் நெஞ்சடைக்கும் நாசி லெமாக்கைச் சாப்பிட்டு முடிக்கும்போது ஒரு பகல் போய்விடும். எட்டு ஒன்பது மணிப் பயணம் மூன்றரைக்குச் சுருங்கியதில் தூரத்தின் பங்கு கொஞ்சம். காத்திருப்புதான் பெரும்பங்கு.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வீட்டு வாசலுக்கு வராமல் இருக்க முடியுமா? பி.எம். டவுனுக்கும் பாயான் லெப்பாஸ் ஓடுபாதைக்கும் நேர்க்கோட்டில் 22 கிலோமீட்டர்தான். நடுவில் கடல் இருப்பதால் சாலைவழி முப்பதைத் தாண்டும். சென்னை விமானம் கிளம்பும் வேளைக்கு இரண்டு மூன்று மணி முன்னால் அங்கே இருக்க வேண்டும். அதாவது ஏழு மணி வாக்கில் பாலம் ஏற வேண்டும். அந்த நேரத்தில் பாலத்தில் யார் இருப்பார்கள்? பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகும் பாதி செபராங் பிறை! 1972 முதல் வளர்ந்த பேட்டை அது. இன்டெல் அந்த ஆண்டே வந்துவிட்டது. சிப் செய்கிறவர்களின் ஃபேக்டரி பஸ், காடி, மோட்டர், நடுவே கூரைமேல் பெட்டி கட்டிக்கொண்டு நீங்கள்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டாம் பாலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். பத்து காவானிலிருந்து பத்து மாவுங் வரை 24 கிலோமீட்டர். 2014 மார்ச்சில் திறந்தது. கிலோமீட்டர் பார்த்தால் சுற்றுதான், ஆனால் தீவில் ஏறிய இடத்திலிருந்து ஏர்போர்ட் பத்தே நிமிடம். அதற்கு முன்னால் ஜூருவைத் தாண்ட வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தப் பாலமானாலும் போகும்போது டோல் உண்டு, திரும்பும்போது கிடையாது. தீவுக்குள் நுழையத்தான் வெள்ளி, வெளியே வரச் சும்மா. 2019-இல் மோட்டருக்கு முழுவதுமாக எடுத்துவிட்டார்கள், ஆனால் முப்பது கிலோ பெட்டியோடு மோட்டரில் போய்ச் சேர நம்மால் ஆகாது.

சரி, பதினொன்றரைக்குச் சென்னை வந்தாயிற்று. அப்புறம்? அத்தை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறாள். பெட்டி எடுத்து, வெளியே வந்து, மெட்ரோவோ பஸ்ஸோ பிடித்து, எழும்பூரிலோ கிளாம்பாக்கத்திலோ வண்டி ஏறி, ஏழெட்டு மணி நேரம். வங்கக் கடலைக் கடந்ததைப் போல இரண்டு மடங்கு! இதனால்தான் டெல்டாக்காரக் குடும்பங்களில் இன்னும் ஒரு வழக்கு தீரவில்லை. கோலாலம்பூர் போய் மாறி நேராகத் திருச்சியில் இறங்கிவிட்டால் வீடு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுமே என்று ஒரு கட்சி. விமானம் மாறுகிற பாட்டுக்கு வைகை எக்ஸ்பிரஸ் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு போகலாம் என்று இன்னொரு கட்சி. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் திருச்சிக் கட்சி சில நாள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஜெயிக்கும், இணைப்பு விமானம் தப்பினால் மொத்தமாகத் தோற்கும். நான் சென்னைக் கட்சி. தி.நகரில் ஒரு நாள் சேலை பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் ஊருக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. அந்த நாளை எந்த அட்டவணையிலும் சேர்க்க முடியாது.